லூசியானாவிலிருந்து புளியந்தீவுக்கு

யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்கர்கள் வடபுலத்தவர்கள். 1816இல் வந்திறங்கி வட்டுக்கோட்டையிலும் தெல்லிப்பழையிலும் உடுவிலிலும் பள்ளிக்கூடங்களை வைத்த மிஷனரிமாரை அனுப்பியது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பொஸ்டன் நகரத்துச் சபை. மட்டக்களப்புக்கு வந்த அமெரிக்கர்கள் தென்புலத்தவர்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு, லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸிலிருந்து இயேசு சபைக் குருமாராக வந்தார்கள். இந்த இரு சாராரின் ஊர்களும் 1861 முதல் 1865 வரை ஒன்றையொன்று கொன்று குவித்தவை.

நான் படித்தது முதலாமவர்கள் வைத்த பள்ளிக்கூடம் ஒன்றில். இரண்டாமவர்களைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் பேசிக் கேட்டதில்லை. மட்டக்களப்பைப் பற்றியே அதிகம் பேசுவதில்லை. எங்கோ ஒரு தேசத்தின் வடக்கும் தெற்கும் மோதிய போரின் இரு கரைகளும், இந்தச் சிறிய தீவின் வடக்கிலும் கிழக்கிலும் ஆளுக்கொரு பள்ளிக்கூடமாக வந்து தங்கியிருக்கின்றன என்று தெரிந்த நாளிலிருந்து, அந்தக் கண்ணோடு ஒருமுறை மட்டக்களப்பின் புளியந்தீவுக்குப் போய்வரவேண்டும் என்றிருந்தது.

திருகோணமலையிலிருந்து கடற்கரைப் பாதையில் பஸ் எடுத்தேன். முன்பு ஒவ்வொரு கழிமுகத்துக்கும் பாதைப்படகுக்குக் காத்துக் கிடந்த வழி அது. யுத்தம் முடிந்தபின் பாலங்கள் வந்துவிட்டன. மூதூர் தாண்டி வெருகல் ஆறு. கரையில் சித்திரவேலாயுத சுவாமி கோயில். பஸ்ஸில் இருந்த இரண்டு பெண்கள் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். எனக்கு இந்த ஆறு வேறு காரணத்துக்காகத் தெரியும். 2004 மார்ச்சில் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கிழக்குத் தளபதி கருணா வன்னித் தலைமையிலிருந்து பிரிந்தார். கிழக்கின் பிள்ளைகள் வடக்கின் சண்டைகளில் செத்தார்கள், கிழக்குக்கு அதிகாரத்தில் பங்கில்லை என்பது அவர் வெளியே வைத்த குற்றச்சாட்டு. ஏப்ரல் மாதம், பெரிய வெள்ளியை ஒட்டி, வன்னியிலிருந்து வந்த அணிகள் இந்த ஆற்றைத் தாண்டின. இரு பக்கமும் செத்தது தமிழ்ப் பிள்ளைகள். பலருக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. பிரிவுக்கு வேறு காரணங்களும் சொல்லப்பட்டன. ஆனால் அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது என்பதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் உரக்கச் சொல்வதில்லை.

கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. வாழைச்சேனையில் பிரதான வீதி. அங்கிருந்து மட்டக்களப்புக்கு முப்பது கிலோமீற்றர் சொச்சம். கிரான், சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர், தன்னாமுனை, சத்துருக்கொண்டான் என்று ஊர்கள் ஒன்றின் வாலில் ஒன்றாக வரும். இதே வழியில்தான் 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, அறுபத்தாறு வயதான ஓர் அமெரிக்கக் குரு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். பின்னால் ஒரு தமிழ்ப் பையன் உட்கார்ந்திருந்தான். இருவரும் ஊர் வந்து சேரவில்லை. ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை. யார் மறித்தார்கள் என்பது இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை.

அந்தக் குருவின் பெயர் யூஜின் ஹேபர்ட். லூசியானாவில் 1923இல் பிறந்தவர். 1948இல் இலங்கைக்கு வந்து, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் படிப்பித்து, கூடைப்பந்து பழக்கி, தொழில்நுட்பக் கல்வி நிலையம் ஒன்றை நடத்தி, நாற்பது வருடத்துக்கும் மேல் இங்கேயே இருந்தவர்.

அவர் புறப்பட்ட அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்தப் பயணம் புரியும். ஜூன் 11ஆம் திகதி இயக்கம் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைச் சுற்றி வளைத்தது. சரணடைந்த பொலிஸ்காரர் நூற்றுக்கணக்கானோர், சிங்களவரும் முஸ்லிம்களும், கொண்டுபோய்ச் சுடப்பட்டார்கள். யுத்தம் மறுபடி மூண்டது. ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவுத் தொழுகையில் நின்றவர்களை இயக்கம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களுக்குள் சுட்டது. இறந்தோர் நூற்றுக்கும் மேல். ஓகஸ்ட் 12ஆம் திகதி ஏறாவூரில் வீடுகளுக்குள் புகுந்து, மறுபடியும் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள். அதற்குப் பழிவாங்கலாகத் தமிழ் ஊர்கள். மூன்று நாள் கழித்து, அந்த ஏறாவூரைத் தாண்டித்தான் ஹேபர்ட் பாதரின் ஸ்கூட்டர் வரவேண்டியிருந்தது. அடுத்த மாதம் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரை ஆமி ஏற்றிக்கொண்டு போனது. 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் பக்கத்து ஊர்களிலும் பெண்களும் குழந்தைகளுமாக 180க்கும் மேற்பட்டவர்களை முகாமுக்குள் கொண்டுபோய்க் கொன்றார்கள். பஸ்ஸில் இந்த ஊர்களைக் கடக்க ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை.

சத்துருக்கொண்டானில் வீதியோரத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. இறங்கிப் பார்த்தேன். பெயர்கள், வயதுகள். ஒன்று, மூன்று, ஐந்து என்ற வயதுகள் வரும்போது விரல் நின்றுவிடுகிறது.

புளியந்தீவு பெயருக்கேற்ற தீவுதான். களப்பின் நடுவே ஒரு துண்டு நிலம். கோட்டைமுனையிலிருந்து பெரிய பாலத்தில் ஏறி இறங்கினால் கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம், பெரியாஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம் நடக்கும் தூரம். களப்போரத்தில் காந்தி பூங்கா. 1814இல் இங்கே வந்திறங்கி மெதடிஸ்த பள்ளிக்கூடத்தைத் தொடங்கி, அடுத்த வருடமே இந்த மண்ணில் இறந்துபோன வில்லியம் ஓல்ட் போதகரின் சிலை பக்கத்தில். காலை வெயில் ஏறுமுன் தோணிகள் வந்து இறால் இறக்கும். முட்டித் தயிரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலத்தில் ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கோட்டைக்குப் போனேன். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1638 மே மாதம் கண்டி அரசன் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் முதலில் கைப்பற்றிய கோட்டை இது. இடித்தும் திருத்தியும் கட்டிய சுவர்கள் நான்கு கொத்தளங்களோடு நிற்கின்றன. வாசலில் ஒல்லாந்தக் கம்பெனியின் இலச்சினை. நெடுங்காலம் மாவட்டக் கச்சேரி இதற்குள்தான் நடந்தது. காணிப் பத்திரத்துக்கும் மரணச் சான்றிதழுக்கும் சனங்கள் வரிசையில் நின்றது இந்த முற்றத்தில்.

அமெரிக்காவின் போரை நினைத்துக்கொண்டு வந்தவனுக்கு இந்தச் சுவர்கள் சும்மா விடவில்லை. அந்தக் கம்பெனி மிளகும் கறுவாவும் மட்டுமா விற்றது? ஆட்களையும் விற்றது. தஞ்சைச் சீமையில் 1659இலிருந்து இரண்டு மூன்று வருடம் படையெடுப்பும் பஞ்சமும் வந்தபோது, நாகபட்டினத்துக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை அது அடிமைகளாகக் கப்பலேற்றியது. அவர்களில் பெரும்பகுதி வந்து இறங்கியது இலங்கையில். கொழும்பிலும் காலியிலும் கோட்டை வேலைக்குக் கம்பெனி அடிமைகள் இருந்தார்கள். வாங்கியவன் மட்டும் ஒல்லாந்தன் என்று நாங்கள் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் வடித்த எங்கள் தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. கோவியர், நளவர், பள்ளர் என்று சாதிப் பெயர் சொல்லி, யாருக்கு யார் உடைமை, அவர்கள் பிள்ளைகள் யாருக்குச் சேரும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மட்டக்களப்பின் பழைய கோயில் வழமைகளிலும் சிறைக்குடிகள் என்று ஒரு வரிசை உண்டு.

இந்த நாட்டில் அடிமைமுறை எப்படி முடிந்தது என்பது பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித்தரப்படவில்லை. பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் உடைமையாளர்களைப் பேசி இணங்கவைத்து, 1816 ஓகஸ்ட் 12க்குப் பிறகு அடிமைக்குப் பிறக்கும் குழந்தை சுதந்திரமானது என்று அறிவிக்கச் செய்தார். 1833இல் பிரித்தானியப் பேரரசு அடிமைமுறையை ஒழித்த சட்டம் இலங்கையை விலக்கி வைத்தது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் கடைசியில் முடித்துவைத்தது. ஒரு துவக்கும் வெடிக்கவில்லை. எவரும் விழா எடுக்கவில்லை. அதனால் என்ன நடந்தது என்றால், அடிமையாய் இருந்தவர் பெயரளவில் விடுதலையானார், கிணறும் கோயிலும் தேநீர்க்கடைக் கிளாசும் அவருக்கு மூடியே கிடந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகக் கேட்டு நின்றவர்கள், அந்த 1844ஐத்தான் இன்னும் கேட்டுக்கொண்டு நின்றார்கள் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் அடிமைமுறைப் பிரச்சினை போராக வெடித்தது. 1860 டிசம்பரில் தென் கரோலினா பிரிந்தது. அடுத்த மாதம் லூசியானா. மொத்தம் பதினொரு மாநிலங்கள். பருத்தியும் கரும்பும் விளைந்த அந்த நிலங்களிலும் அவற்றை ஒட்டிய சில மாநிலங்களிலுமாக அப்போது ஏறத்தாழ நாற்பது லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். நாட்டிலேயே மிகப்பெரிய அடிமைச் சந்தை நியூ ஆர்லியன்ஸில் கூடியது. கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை, அடிமை நிலையே அவர்களுக்கு இயல்பு, எங்கள் புதிய அரசின் மூலைக்கல் அதுதான் என்று பிரிந்துபோன அரசின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் மேடையில் சொன்னார். அவ்வளவு வெளிப்படை. நான்கு வருடத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர் செத்தார்கள். 1865 டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது.

தோற்றபின் தெற்கு தன் கதையை மாற்றிச் சொல்லத் தொடங்கியது. நாங்கள் சண்டை பிடித்தது மாநில உரிமைக்காக, எங்கள் மண்ணுக்காக, எங்கள் மானத்துக்காக என்றது. மூலைக்கல் என்று சொன்ன வாயே போருக்குப் பிறகு அரசியல் சட்டத் தத்துவம் பேசியது. ஊர்ச் சதுக்கங்களில் தளபதிகளுக்குச் சிலை எழுந்தது. நியூ ஆர்லியன்ஸில் 1884இல் உயர்ந்த தூணொன்றின் மேல் ரொபர்ட் லீ ஏறி நின்றார். அவர் நின்ற அதே நகரத்தில் கறுப்பினக் குழந்தைக்குத் தனிப் பள்ளி, கறுப்பினத்தவருக்கு ட்ராமில் தனி இருக்கை. 1964, 1965ஆம் ஆண்டுச் சமவுரிமைச் சட்டங்கள் வரும்வரை பாகுபாடு பல பத்தாண்டுகள் ஓடியது. 2017 மே மாதம்தான் லீயை இறக்கினார்கள். அதற்குமுன் மற்றச் சிலைகளை இறக்கிய தொழிலாளர்கள் கொலைமிரட்டலுக்குப் பயந்து இரவில், முகத்தை மூடிக்கொண்டு வேலைசெய்தார்கள். போர் முடிந்து நூற்றைம்பது வருடம் ஆகியிருந்தது. இறக்கச் சொன்ன நகர மேயர் மிட்ச் லாண்ட்ரூ நியூ ஆர்லியன்ஸில் இயேசு சபையாரின் பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

இயேசு சபைக்கும் இதில் கணக்கு உண்டு. 1838இல் மேரிலாந்து இயேசு சபையார், ஜோர்ஜ்டவுன் கல்லூரியின் கடனைத் தீர்ப்பதற்காகத் தங்கள் தோட்டங்களில் இருந்த 272 அடிமைகளை விற்றார்கள். ஆண், பெண், கைக்குழந்தை எல்லாம் சேர்த்து. வாங்கியவர்கள் லூசியானாக் கரும்புத் தோட்டக்காரர்கள். லூசியானாவிலிருந்த குருமாரும் அடிமைகளை வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்ப் பட்டியல்கள் சபையின் ஏடுகளிலேயே பத்திரமாகக் கிடந்தன. அவற்றை எடுத்து, சந்ததியினரைத் தேடி, அவர்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கச் சபைக்கு 2017 வரை ஆனது.

புனித மிக்கேல் கல்லூரி வாசலில் நின்றபோது இதெல்லாம் என் தலைக்குள் இருந்தது. 1873இல் தொடங்கிய பள்ளி. இயேசு சபைக் குரு பெர்டினாண்ட் பொனெல் எழுப்பிய உயர்ந்த கட்டடம் புளியந்தீவின் எந்த மூலையில் நின்றாலும் கண்ணில் படும். விபுலாநந்த அடிகள் சிறுவனாக வந்து படித்த பள்ளி. பிரெஞ்சு இயேசு சபையாருக்குப் பின் அமெரிக்கர் வந்தார்கள். அவர்களில் லாங் என்ற பாதர் களப்புக்குள் ஒலிவாங்கியை இறக்கி, கல்லடிப் பாலத்தடியில் நிலாக்காலத்தில் கேட்கும் அந்தப் பாடும்மீன் ஓசையைப் பதிவுசெய்தவர்.

ஒரு நண்பர் சொல்லிவிட்டதால், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். பந்தடித் தளத்தின் ஓரத்துச் சீமெந்துக் கட்டில் இருவரும் உட்கார்ந்தோம். எட்டு வயதுப் பேரன் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றான்.

“எங்கெருந்து தம்பி?” என்றார்.

“யாழ்ப்பாணம் சேர்.”

ஒரு கணம் பேசவில்லை. பிறகு, “சரி, இருங்க. தேத்தண்ணி குடிப்பம்” என்றார்.

ஹேபர்ட் பாதரிடம் பந்தடித்தவர் அவர். கொழும்பின் பெரிய பள்ளிக்கூடங்கள் சப்பாத்தும் சீருடையுமாக வந்து, இங்கிருந்து போன பெடியன்களிடம் தோற்றுப்போன கதையை நேற்று நடந்ததுபோலச் சொன்னார். வலது கைச் சின்னவிரலைக் காட்டினார். பந்து பட்டு நடு மூட்டில் வளைந்தது, நிமிரவேயில்லை. “இதுதான் தம்பி எனக்கு அவர் தந்த சேர்ட்டிபிக்கட்.” சொல்லும்போது குரல் அடைத்தது.

மில்லர் பாதரைப் பற்றியும் அவர்தான் அதிகம் சொன்னார். ஹரி மில்லர். நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலேயே பிறந்தவர். ஹேபர்ட் வந்த அதே 1948இல் வந்து, இந்தப் பள்ளிக்கு அதிபராக இருந்தவர். யுத்தம் வந்தபோது ஊரின் சமாதானக் குழுவில் சேர்ந்தார். மகனைக் காணவில்லை என்று தாய்மார் வரும்போது பெயரையும் திகதியையும் இடத்தையும் எழுதிக்கொள்வார், முகாமுக்குப் போய்க் கேட்பார். ஆமி செய்ததையும் சொன்னார், இயக்கம் செய்ததையும் சொன்னார். பாதர் என்பதாலும் வெள்ளைக்காரர் என்பதாலும் அவருக்குத் திறந்த கதவு மற்றவருக்குத் திறக்காது, அதை அவர் ஊருக்காகப் பயன்படுத்தினார் என்றார் ஆசிரியர். 2009இல், முதுமையில், நியூ ஆர்லியன்ஸுக்குத் திரும்பிப் போனவர், அங்கே இருக்க மனமில்லாமல் மறுபடி மட்டக்களப்புக்கே வந்துவிட்டார். தொண்ணூறு வயதைத் தாண்டி, இந்த ஊரிலேயே கண்மூடினார்.

எனக்கு இவர்கள் இருவரும் முக்கியமாகப் படுவது இதனால்தான். தங்கள் சொந்த மண் தன் போரைப் பற்றி உண்மை பேச மறுத்துக்கொண்டிருந்த காலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். லீயின் சிலைக்குக் கீழே ட்ராமில் போய்வந்த தலைமுறை. தங்கள் சபையே பெயர்களை ஏட்டில் பூட்டிவைத்திருந்தது. அப்படியொரு மண்ணிலிருந்து வந்த ஒருவர், யாரோ ஒரு ஊரின் தாய் சொல்லச் சொல்ல மகனின் பெயரை எழுதி வைத்தார். அது அவர் செய்த மிகப்பெரிய வேலை என்று நான் நம்புகிறேன், பள்ளிக்கூடத்தையும்விட.

மாலையில் ஆசிரியரே என்னை ஒரு பறங்கியர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். புளியந்தீவின் பறங்கியர் போர்த்துக்கேயர் வழி வந்தவர்கள். பலர் தச்சர்கள், கொல்லர்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர். வீட்டு முன்பக்கம் பட்டறை. தேக்குச் சீவல் குவிந்து கிடக்க, சுவரில் சீவுளிகளுக்கு நடுவே ஆணியில் ஒரு வயலின் தொங்கியது. கேட்டதும் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு எடுத்தார். கப்பிரிஞ்ஞா வாசித்தார். கல்யாண வீட்டில் சோடி சோடியாக ஆடும் தாளம், ஆறு மாத்திரையில் துள்ளி ஓடும். போர்த்துக்கேயர் மொசாம்பிக் கரையிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவந்த ஆபிரிக்கரின் ஆட்டமும் அவர்களை ஆண்டவர்களின் வயலினும் கலந்து பிறந்த இசை இது. அந்த ஆபிரிக்கரின் சந்ததியார் புத்தளத்துப் பக்கம் சிறாம்பியடியில் இன்னும் இருக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து இசைக்கும் ஆபிரிக்காவில் வேர் உண்டு.

“பாட்டு எல்லாருக்கும் தெரியும் தம்பி. பாஷைதான் பிள்ளைகளுக்கு வருகுதில்ல. பாதிச் சனம் ஒஸ்ரேலியாவுக்குப் போயிட்டுது, டச்பார்ல இருந்தவங்கள சுனாமி கொண்டுபோயிட்டுது” என்றார். வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டே இன்னொன்றும் வாசித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி சேர்ந்து பாடினார்.

அடுத்த நாள் கல்லடிப் பாலம் தாண்டிக் காத்தான்குடிக்குப் போனேன். பெரிய வீதியின் நடுவே ஈச்சமரங்கள் வரிசையாக நிற்கும் ஊர். மீரா ஜும்ஆப் பள்ளிவாசலில் சுவரை அப்படியே விட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு பெயர்ந்து உள்கல் தெரியும் துளைகள். சில முழங்கால் உயரத்தில், சில அதற்கும் கீழே. தொழுகையில் குனிந்தவனுக்கும் சுஜூதில் நெற்றி நிலத்தில் பட்டவனுக்கும் பாய்ந்தவை. பெரியவர் ஒருவர் கூட வந்து காட்டினார். நான் யாழ்ப்பாணம் என்றதும், தன் மச்சான் குடும்பம் யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் இருந்தது என்றார். 1990 ஒக்டோபர் 30, இரண்டு மணித்தியால அவகாசம். வீட்டுத் திறப்பையும் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

“நீங்க அப்ப சின்னப் புள்ளயா இருந்திருப்பீங்க” என்றார். கோபம் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளக் கூடாது. எங்கள் தெருவிலிருந்து லொறிகள் போனதை என் ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த வீடுகளின் கதவுகளையும் ஓடுகளையும் பிறகு யார் யார் கழற்றிப் போனார்கள் என்று எங்கள் ஊருக்குத் தெரியும்.

எங்கள் யுத்தம் அமெரிக்கப் போர்போல் அடிமைமுறைக்காக வந்ததல்ல. தமிழருக்கு இழைக்கப்பட்ட அநீதி உண்மையானது. சத்துருக்கொண்டான் தூணில் இருக்கும் மூன்று வயது உண்மையானது. அதற்கு அரசு இதுவரை எவரையும் தண்டிக்கவில்லை. நினைவுநாளில் விளக்கேற்றவே தடை வாங்கிய வருடங்களும் உண்டு. ஆனாலும் அமெரிக்கத் தெற்கு தன் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னதுபோன்ற ஒரு கதையை, மானமும் மண்ணும் வீரமும் மட்டும் உள்ள கதையை, நாங்களும் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறோம். அதில் காத்தான்குடி வராது, ஏறாவூர் வராது, சரணடைந்த பொலிஸ்காரர் வரமாட்டார்கள், வெருகலில் வடக்கால் கொல்லப்பட்ட கிழக்கின் பிள்ளைகளும் வரமாட்டார்கள். வெளியே சிங்களவர் தங்கள் கதையை இதைவிடப் பெரிய கல்லில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எங்கள் கதைக்கு நியாயமாகாது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

திரும்பும் முன் ஆசிரியரிடம் இதைக் கேட்டேன். பிள்ளைகளுக்கு எதைச் சொல்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்று. மரியாள் பேராலயத்துக்கு முன்னால் பேரனோடு நின்றுகொண்டிருந்தோம். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் நற்கருணை வாங்கித் திரும்பியபோது சுடப்பட்டது இந்தக் கட்டடத்துக்குள்தான். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சீயோன் தேவாலயம். 2019 உயிர்த்த ஞாயிறன்று அங்கே ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் நடுவே குண்டு வெடித்தது.

“விடுறதுக்கு என்ன இரிக்கு தம்பி? திகதியோட சொல்லுவன்” என்றார். “ஓகஸ்ட் 3 காத்தான்குடி. 12 ஏறாவூர். 15 எங்கட பாதர். மறுகா செப்டெம்பர் 5 வந்தாறுமூலை, 9 சத்துருக்கொண்டான். மனே, சொல்லு பாப்பம்.”

பேரன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒப்புவித்தான். முடித்துவிட்டு, “அம்மப்பா, ஜூனை விட்டுட்டீங்க. பொலிஸ்காரர்” என்றான்.

“ஓம், 11” என்றார் அவர். “முதல்ல இருந்து சொல்லு.”